பிஞ்சிலே பழுக்கும் மீன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து காசிமேடு துறைமுகம் களைகட்டியது பற்றிய உங்கள் கட்டுரையில், வலைக்கண்ணைப் பெரிதாக்கிக் குஞ்சுகளைத் தப்பவிட்டால் கடல் தானாக நிறைந்துவிடும் என்று எழுதியிருந்தீர்கள். அது பாதி உண்மைதான்.

போன வாரம் நொச்சிக்குப்பத்தில் சங்கரா மீன் வாங்கினேன். உள்ளங்கை நீளம்கூட இல்லை. வயிற்றைக் கீறிய மீன்கார அம்மா, உள்ளேயிருந்து சினையை எடுத்துக் காட்டி, "இத்தினியூண்டுலயே சினை வெச்சிடுது டீச்சரம்மா" என்றார். ஒற்றை மீனை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும் முப்பது வருஷம் விலங்கியல் நடத்தியவளுக்கு அது உறுத்தியது.

பெரிய கண் வலையில் தப்புவது குஞ்சு மட்டுமா? வயதாகியும் சிறுத்தே இருக்கும் மீனும் தப்பும். முதலில் பெரிதாக வளர்ந்து நாலாம் வருஷம் முட்டையிடவிருந்த மீன் அதற்குள் ஐஸ் பெட்டிக்குப் போய்விடும். பிஞ்சிலே பழுத்தது வாரிசை விட்டுவிட்டுச் சாகும். தலைமுறைகள் போகப் போக அந்தக் குணமே மிஞ்சும்.

அமெரிக்காவில் சில்வர்சைட் என்ற சின்ன மீனைத் தொட்டியில் வளர்த்து, ஒவ்வொரு தலைமுறையிலும் 90 சதவீதத்தைப் பிடித்தெடுத்தார்கள். சில தொட்டிகளில் பெரியவற்றை, சிலவற்றில் சிறியவற்றை. நாலே தலைமுறையில், பெரியவற்றை இழந்த கூட்டத்தின் சராசரி எடை மற்றதில் ஏறக்குறையப் பாதி! 2002-ல் வெளியான ஆய்வு இது. பிறகு ஐந்து தலைமுறை அப்படிப் பிடிக்காமல் விட்டும் பழைய அளவு முழுசாகத் திரும்பவில்லை. கனடாவின் காட் மீனிலும், 1992-ல் பிடிப்பதற்குத் தடை வருவதற்கு முன்பே, பெண் மீன்கள் இளவயதில், சிறு உருவத்தில் முதிரத் தொடங்கியிருந்தன.

பெரும்பாலான கடல்மீன்களில், இரண்டு கிலோ தாய் ஒன்று இடும் முட்டை, ஒரு கிலோ தாய்கள் இரண்டு சேர்ந்து இடுவதைவிட அதிகம். நாமோ வஞ்சிரம் என்றால் பெரிய மீனின் நடுத்துண்டுதான் கேட்கிறோம். (நானும்தான்.)

வலையில் ஏறிய பெரிய மீனைத் திருப்பி விடு என்று எந்த மீனவரிடமும் சொல்ல முடியாது. சொல்வது நியாயமும் இல்லை. ஆனால் பெரிசு, சிறிசு எதற்குமே வலை விழாத ஒரு துண்டுக் கடலை ஒதுக்கலாம். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-லேயே தேசியப் பூங்கா அறிவித்தார்கள். சென்னைக் கரையில் அப்படி ஒரு துண்டு விட முடியுமா, விட்டால் யார் பிழைப்பு கெடும் என்று குப்பத்துப் பஞ்சாயத்தாரிடமே கேட்டு உங்கள் நிருபர் எழுதட்டுமே.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
மயிலாப்பூர், சென்னை