பொருள்: மூன்று முறை சர்வீஸுக்குக் கொடுத்தும் சரியாகாத எட்டு சேனல் ஆடியோ இண்டர்ஃபேஸ் குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த ஜனவரியில் ரூ.62,000 கொடுத்துத் மைக்குகளின் ஒலியைக் கணினியில் பதிவு செய்ய உதவும் தங்கள் எட்டு சேனல் ஆடியோ இண்டர்ஃபேஸை வாங்கினேன். எந்த இசை நிறுவனத்தின் முதலீடும் இல்லாமல், சாலிகிராமத்தில் ஒரு சிறிய அறையை ஸ்டுடியோவாக்கி, கலைஞர்களை வரவழைத்துச் சொந்தப் பாடல்களைப் பதிவு செய்பவன் நான். 5 முதல் 8 வரையிலான சேனல்களில், கண்டென்சர் மைக்கிற்கு மின்சாரம் தரும் 48 வோல்ட்டைப் போட்டால், சிறிது நேரத்தில் இரைச்சல் வந்து ஒலியே நின்றுவிடுகிறது. வாங்கிய மூன்றாம் வாரத்திலேயே அது தொடங்கிவிட்டது. அன்றிலிருந்து பதினொரு முறை தொலைபேசியில் பேசியும், மூன்று முறை ரிச்சி தெருவிலுள்ள தங்கள் சர்வீஸ் சென்டருக்கு அலைந்தும் பயனில்லாததால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் முறை பில்லின் அசல் வேண்டும் என்றார்கள். இரண்டாம் முறை அடாப்டரைக் கொண்டுவரவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அதைத் தொலைபேசியில் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். மூன்றாம் முறை, கொட்டும் மழையில் பெட்டியைப் பாலித்தீன் உறையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போய்ச் சேர்ந்தேன். கவுண்டரில் இருந்தவர் என் எதிரிலேயே ஒரு டைனமிக் மைக்கை முதல் சேனலில் செருகி, "ஹலோ, ஹலோ" என்று இருமுறை சொல்லிவிட்டு, "குறைபாடு இல்லை" என்று எழுதிக் கொடுத்தார். டைனமிக் மைக்கிற்கு 48 வோல்ட்டே தேவையில்லை. தேவைப்படுவது கண்டென்சர் மைக்கிற்கு. கோளாறு இருப்பது ஐந்தாம் சேனலிலிருந்து. இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னபோது அவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "வீட்டுல வச்சுப் பாட்டு போடுறவங்களுக்கு இதுவே அதிகம் சார்" என்றார்.

அந்தச் சொல்லுக்கு அவரிடமிருந்து எழுத்து மூலம் மன்னிப்பை எதிர்பார்க்கிறேன்.

ஏப்ரலில் திருவாரூரிலிருந்து நாகஸ்வரக் கலைஞரும் தவில் கலைஞரும் இரவு ரயிலில் வந்திருந்தார்கள். நாகஸ்வரத்தின் மூச்சைப் பார்த்துத்தான் தவில் நடக்கும். ஆகவே இருவரையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும். "தனித்தனியா எடுத்து ஒட்டிக்கோங்க" என்று தங்கள் தொலைபேசி ஊழியர் பின்னர் சொன்ன யோசனை, இந்த இசையை அறியாதவர் சொல்வது. வலக்கை விரல்களில் கூடுகளை மாட்டிக்கொண்டு தவில்காரர் காத்திருக்க, நாகஸ்வரக்காரர் அதன் ஊதுமுனையான சீவாளியை உதட்டில் வைத்து ஈரப்படுத்தி வாசிக்கத் தொடங்கினார். ஏழு நிமிடம் எந்தத் தடங்கலும் இல்லை. வாசிப்பை முடிக்கும் தாளக்கோவையான தீர்மானத்திற்கு வரும் இடத்தில் 48 வோல்ட் விளக்கு மினுக்கியது. ஹெட்ஃபோனில் கரகரவென்று இரைச்சல், பிறகு ஒலியே இல்லை. இன்னும் இரண்டு முறை வாசித்தார்கள், இரண்டு முறையும் அப்படியே ஆயிற்று. மறுநாள் அவர்களுக்கு ஊரில் ஒரு கல்யாணக் கச்சேரி இருந்ததால் கிளம்பிவிட்டார்கள். அந்த வாசிப்பு இனி எனக்குக் கிடைக்காது. என் பத்தாண்டு உழைப்பைத் தங்கள் கருவி ஒரே பகலில் அழித்துவிட்டது என்றே சொல்வேன்.

தங்கள் நிறுவனத்தின் மீது எனக்கு மரியாதை உண்டு. இதற்கு முன் வைத்திருந்த தங்கள் இரண்டு சேனல் கருவி ஆறாண்டுகள் பழுதின்றி உழைத்தது. அந்த நம்பிக்கையில்தான் மீண்டும் தங்களிடமே வாங்கினேன். அடாப்டர் இல்லை என்பதற்காக ஒரு மனிதனை வெறுங்கையோடு அனுப்புவதுதான் அந்த நம்பிக்கைக்குப் பதிலா?

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் புதிய கருவியை மாற்றித் தர வேண்டும், அல்லது முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். இரு கலைஞர்களின் ரயில் கட்டணத்தையும் அன்றைய சம்பளத்தையும் சேர்த்து ரூ.18,000 ஈடு செய்யவும் கேட்டுக்கொள்கிறேன். தவறினால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். தொழிலுக்கு வாங்கிய பொருள் என்று தட்டிக்கழிக்க வேண்டாம். சுயதொழிலால் பிழைப்பவர் தம் பிழைப்புக்கென்றே வாங்கிய பொருளுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். அங்கே ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை.

அந்த நிலைக்கு என்னைத் தள்ளமாட்டீர்கள் என்று நம்புகிறேன். பில்லின் நகல், மூன்று சர்வீஸ் சீட்டுகள், ஏப்ரல் மாதப் பதிவின் ஒலிக்கோப்பு ஆகியவற்றை இணைத்துள்ளேன். ஒலிக்கோப்பில் ஏழாம் நிமிடத்திலிருந்து, தயவுசெய்து ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
சாலிகிராமம், சென்னை.