பச்சைக் காமாலையா, மஞ்சள் காமாலையா?

ஆசிரியருக்கு,

ஆந்திர எல்லையை ஒட்டிய எங்கள் பள்ளிப்பட்டு பக்கம் ஒரு சுவர் விளம்பரம்: 'பச்சைக் காமாலைக்கு நாட்டு மருந்து'. பாதி எழுத்து சுண்ணாம்போடு உதிர்ந்துவிட்டது. வெளியூர்க்காரர்கள் படித்துவிட்டுச் சிரிக்கிறார்கள். எழுதியவருக்கு நிறம் தெரியாமல் இல்லை. தெலுங்கில் அந்த நோய்க்குப் பெயரே 'பச்ச காமெர்லு'தான். அதை அப்படியே தமிழாக்கிவிட்டார்.

தெலுங்குப் 'பச்ச' மஞ்சளையும் குறிக்கும், பச்சையையும் குறிக்கும். பிரித்துச் சொல்ல வேண்டுமானால் இலை நிறத்தை 'ஆகுபச்ச' என்பார்கள், மஞ்சளைப் 'பசுப்பு பச்ச' என்பார்கள். பசுப்பு என்றால் மஞ்சள் கிழங்கு.

நம் தமிழ் மட்டும் என்னவாம்? பசும்பொன் என்கிறோமே, பொன் என்ன பச்சையாகவா இருக்கிறது? தலைவனைப் பிரிந்தவள் உடலில் படரும் பசலையும் வெளிறிய மஞ்சள்தான். குறுந்தொகையில் ஒரு தலைவி, தன் நிலையைத் தலைவனுக்குச் சொல்லப் பீர்க்கம்பூவைக் கொண்டுபோக யாராவது கிடைத்தால் நல்லது என்கிறாள். அது மஞ்சள் பூ. குறளில் 'பசப்புறு பருவரல்' என்று பசலைக்கே ஓர் அதிகாரம் இருக்கிறது. பசுமை, பசலை, பச்சை எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை.

அப்புறம், பச்சைத் தண்ணீர், பச்சரிசி, பச்சை உடம்பு என்னும்போது நிறத்துக்கே வேலையில்லை; காய்ச்சாதது, வேகாதது, ஆறாதது என்றுதான் பொருள். கேரளத்திலும் 'பச்ச வெள்ளம்' காய்ச்சாத தண்ணீர்தான்.

சரி, சொல்லாராய்ச்சி இருக்கட்டும். நோய் விஷயத்தில் குழப்பம் கூடாது. சுவரில் எழுதுபவர்கள் தமிழில் 'மஞ்சள் காமாலை' என்றே எழுதட்டும். கண் மஞ்சளித்தவர்கள் அந்தச் சுவரை நம்பாமல் முதலில் அரசு மருத்துவமனைக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டும்.

- ஒரு வாசகர், பள்ளிப்பட்டு