யானை பொம்மை கேக்கும் விப்பிங் கிரீமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த ‘காட்டு விலங்குகள்’ இரண்டடுக்கு பிறந்தநாள் கேக் செய்முறையில், கேக் மேல் போர்த்தும் சர்க்கரைப் பிசைமாவான ஃபாண்டன்ட்டுக்கு அடியில் விப்பிங் கிரீம் தடவச் சொல்லியிருக்கிறது. அப்படிச் செய்தால் மாலை விருந்துக்குள் கேக் வேர்த்து வழியும். விப்பிங் கிரீமில் தண்ணீர் அதிகம். ஃபாண்டன்ட்டோ பெரும்பாலும் சர்க்கரை. ஈரம் பட்டதும் பிசுபிசுத்துக் கரையும்.

அடியில் பூச பட்டர்கிரீம் சரி: 250 கிராம் வெண்ணெய்க்கு 500 கிராம் ஐசிங் சுகர். ஆனால் வெண்ணெய் 32 டிகிரி சூட்டிலேயே இளகிவிடும். சித்திரை, வைகாசியில் ஏசி இல்லாத வீட்டில் அதை நம்ப முடியாது. டார்க் சாக்லேட் 3 பங்கு, கிரீம் 1 பங்கு சேர்த்த கனாஷ்தான் அப்போது தாங்கும். எதுவானாலும் முதலில் மெல்லிய பூச்சு, அரை மணி ஃப்ரிட்ஜ், பிறகு இரண்டாம் பூச்சு. இந்தப் பூச்சில் உள்ள மேடுபள்ளம் அத்தனையும் ஃபாண்டன்ட்டில் தெரியும்.

ஃபாண்டன்ட்டை 3 முதல் 4 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்க்க வேண்டும். மெலிந்தால் கிழியும், தடித்தால் தன் பாரத்திலேயே கீழே இறங்கி மடிப்பு விழும். ஒட்டாமலிருக்கச் சோளமாவை அள்ளித் தூவினால் விளிம்பு யானைத்தோல் போல வெடிக்கும். துளி டால்டாவை விரலில் தொட்டுத் தேய்த்தால் ஓரளவு சரியாகும். காற்றுக் குமிழைச் சுத்தமான ஊசியால் சாய்வாகக் குத்தி நீவிவிடலாம்.

குறிப்பில் அறவே விடுபட்டது தாங்கு குச்சி. 8 அங்குல கேக் மேல் 6 அங்குல கேக்கை அப்படியே வைத்தால் அது உள்ளே அமிழ்ந்து, கீழடுக்கின் பக்கவாட்டு பிதுங்கும். மேல் கேக் தனி அட்டையில் நிற்க வேண்டும்; அதற்கு அடியில் நான்கைந்து குச்சிகள். ஒன்றைக் குத்தி உயரம் பார்த்து, அதே அளவில் மற்றவற்றையும் வெட்டுங்கள். ஒரு குச்சி நீண்டாலும் மேலடுக்கு சாயும்.

பொம்மைகளுக்கு 250 கிராம் ஃபாண்டன்ட்டில் ஒரு டீஸ்பூன் சிஎம்சி பவுடர் (பொம்மையை இறுக வைக்கும் தூள்) சேர்த்துப் பிசைந்து, இரண்டு நாள் முன்னதாகவே செய்து உலர்த்துவது நல்லது. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்துக்குள் பல்குச்சி வேண்டாம், குழந்தைகள் கடித்துவிடுவார்கள். வேகவைக்காத ஸ்பகெட்டி போதும்.

ஃபாண்டன்ட் போர்த்திய கேக்கை ஃப்ரிட்ஜில் திறந்து வைத்தால், வெளியே எடுத்ததும் நீர் முத்துமுத்தாகப் பூக்கும். துடைத்தால் சாயம் கலைந்து பரவும். மூடிய அட்டைப்பெட்டியில் வைத்து, வெளியே எடுத்த பின்னும் குளிர் தணியும்வரை பெட்டியைத் திறக்காமல் இருப்பதே வழி.

அடுத்த இணைப்பில் விப்பிங் கிரீம் வரியையாவது திருத்தி வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம்.

வீட்டில் கேக் செய்து விற்போர் சிலர்,
சென்னை