ஆய்வேடு எழுதும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய முதல் இரண்டு அத்தியாயங்களையும் படித்துவிட்டேன். நடை தெளிவாக இருக்கிறது, சான்றுகளும் சரி. ஆனால் நகரம் விரிய விரியச் சுற்றுச்சூழல் சுருங்குகிறது என்று நீ தொடங்கியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மற்றதெல்லாம் அந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நம் துறையான சுற்றுச்சூழல் சட்டத்தில் முக்கியமான சட்டங்கள் பலவும் 1970களில் வந்தவை. காடும் ஆறும் ஒரு பக்கம், அவற்றைக் கெடுக்கும் மனிதன் மறுபக்கம் என்பது அன்றைய பார்வை. கெடுப்பவன் யாரென்று கண்ணுக்குத் தெரிந்தவரை அது பலன் தந்தது. அமெரிக்காவின் 1972ஆம் ஆண்டுத் தூய நீர்ச் சட்டம் ஆலைகளின் கழிவுக் குழாய்களைப் பிடித்தது. சாலையில் சிந்திய எண்ணெயை அடித்துக்கொண்டு ஓடும் மழைநீருக்கு யாரைப் பிடிப்பது? நகரங்களின் மழைநீர் வடிகால்களுக்கும் உரிமம் வேண்டும் என்று சொல்ல 1987இல் தனியாக ஒரு திருத்தம் தேவைப்பட்டது.

கலிபோர்னியாவின் கதையை நீ விரிவாகவே எழுத வேண்டும். அங்கே 1970 முதல் இருக்கும் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ், போக்குவரத்துப் பாதிப்பை நெடுங்காலம் ஒரே அளவுகோலால்தான் பார்த்தார்கள்: சந்திப்பில் ஒரு கார் எத்தனை நொடி காத்திருக்கிறது என்பது. நகர மையத்தில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அடுக்குமாடி கட்டினால், ஏற்கெனவே நெரிசலான சந்திப்பில் இன்னும் சில கார்கள் சேரும். உடனே அது சுற்றுச்சூழல் பாதிப்பு ஆகிவிடும். மாடிகளைக் குறை, இல்லாவிட்டால் சாலையை அகலப்படுத்து என்பார்கள். அதே வீடுகளை ஊருக்கு வெளியே வெறும் நிலத்தில் கட்டினால் அங்கே சந்திப்பும் இல்லை, நெரிசலும் இல்லை. குடியேறுபவர்கள் தினமும் நெடுந்தூரம் கார் ஓட்டுவது கணக்கிலேயே வராது. சான்பிரான்சிஸ்கோவின் மிதிவண்டித் தடத் திட்டத்தையே, பாதிப்பு ஆய்வு செய்யவில்லை என்று 2006இல் நீதிமன்றம் நிறுத்தியது. தடை முழுதாக நீங்க 2010 ஆனது. மிதிவண்டிக்குத் தடை, அதுவும் சுற்றுச்சூழலின் பெயரால்! நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. 2013இல்தான் அந்த அளவுகோலை மாற்றச் சட்டம் வந்தது. இப்போது கார் காத்திருக்கும் நேரத்தை விட்டுவிட்டு, மொத்தம் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று பார்க்கிறார்கள்.

இதை ஒரு மாநிலத்தின் நிர்வாகக் கோளாறு என்று ஒதுக்கிவிடாதே. கோளாறு கோட்பாட்டிலேயே இருக்கிறது. நம் சட்டம் இந்த இடத்துக்கு என்ன கேடு என்று கேட்கிறது. இங்கே வேண்டாம் என்றால் அது எங்கே போகும், யார் தலையில் விடியும் என்று கேட்பதில்லை. காட்டைக் காக்க முதல் கேள்வி பெரும்பாலும் போதும். நகரத்தில் போதாது. வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டால் குடியிருக்க வேண்டியவர்கள் மறைந்தா போவார்கள்?

தில்லியையும் சேர்த்துக்கொள். 1996இல் உச்ச நீதிமன்றம் அபாயகரமான ஆலைகளை நகரத்தைவிட்டு வெளியேறச் சொன்னது. காற்றுக்காக எடுத்த முடிவு, நோக்கத்தில் பிழை காண மாட்டேன். இடம் மாறும் ஆலையில் வேலை தொடர வேண்டும், ஓராண்டுக் கூலியும் கூடுதலாகத் தர வேண்டும் என்றுகூடத் தீர்ப்பு சொல்லியது. ஆனால் பதிவேட்டில் பெயரே ஏறாத கூலித் தொழிலாளி எதைக் காட்டி அதைக் கேட்பான்? நகரத்தின் காற்றைச் சுவாசித்தவர்களில் அவனும் ஒருவன்தானே.

அதனால் முதல் அத்தியாயத்தைத் திருப்பி எழுது. நகரத்தையும் சுற்றுச்சூழல் என்றே வைத்துத் தொடங்கு: அதன் காற்று, வடிகால், வாடகை, வேலைக்குப் போய்வரும் தூரம் எல்லாம் சேர்த்து. வாடகை சட்டத்தின் வேறு பிரிவு என்று உன் வழிகாட்டி ஆட்சேபிக்கலாம். அப்போது, சுற்றுச்சூழல் சட்டமே நகரத்து வீடுகளைக் குறைக்கச் சொன்ன கலிபோர்னியாவை எடுத்துக் காட்டு. அப்புறம், தில்லித் தீர்ப்பைச் சுருக்கத்தில் படிக்காதே, தொழிலாளர் பற்றிய பத்திகளை முழுதாகப் படி. திருத்தியதும் அனுப்பு, உடனே பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா