ஜெயிலுக்கு வெளியேயும் சட்ட உதவி உண்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

இலவச சட்ட உதவி பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 1979-ன் ஹுசைனாரா காத்தூன் வழக்கு, பீகார் சிறைகளில் விசாரணையே இல்லாமல் வருடக்கணக்கில் கிடந்தவர்களுக்காக உச்ச நீதிமன்றம் போன கபிலா ஹிங்கோரானி, எல்லாம் நன்றாக வந்திருந்தது. ஆனால் கடைசி வரிவரை கட்டுரை ஜெயிலை விட்டு வெளியே வரவேயில்லை.

நான் 24 வருடமாகச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் பேனல் வக்கீல், அதாவது இலவச சட்ட உதவி வழக்குகளை நடத்த அவர்கள் பட்டியலில் வைத்திருக்கும் வக்கீல். என் மேஜைக்கு வரும் வழக்குக் கட்டுகளில் பெரும்பாலானவை சிவில். பாகப்பிரிவினை, ஜீவனாம்சம், வாடகைத் தகராறு, இப்படி.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். பூ விற்கும் ஒரு அம்மா 2011-ல் வந்தார். பூர்வீக நிலம் ஒன்றரை ஏக்கர், ஒரே அண்ணன், பத்திரம் எதுவும் போட்டுப் பிரிக்கவில்லை. பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குப் பங்கு தந்த, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 1989 தமிழ்நாட்டுத் திருத்தம் இவருக்குப் பொருந்தாது, அதற்கு முன்பே கல்யாணமாகிவிட்டது. 2005-ல் மத்திய சட்டமே மகள்களுக்கும் சம பங்கு என்று திருத்தப்பட்டது. ஆனால் அந்தத் திருத்தம் அமலுக்கு வந்த தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இவர் அப்பா 2003-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆக, யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் முதல்நிலைத் தீர்ப்பாணையில் கிடைத்தது கால் பங்கு. அப்புறம் 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில், மகளின் உரிமை பிறப்பால் வருவது, அப்பா அன்றைக்கு இருந்தாரா இல்லையா என்பது பொருட்டல்ல என்று தீர்ப்பு வந்தது. நிலத்தை அளந்து பிரித்துத் தரக் கேட்ட எங்கள் இறுதித் தீர்ப்பாணை மனு நல்லவேளையாக நிலுவையில் இருந்தது. திருத்தக் கேட்டோம், சரிபாதி ஆனது. (வாய்தாவுக்கு நன்றி சொன்னது என் வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.) நிலத்தை அளக்க கோர்ட் நியமித்த கமிஷனர் போனபோது அந்த அம்மாவுக்கு எழுபது தாண்டியிருந்தது.

இந்த மாதிரி வழக்கை ஒரே வக்கீல் கடைசிவரை நடத்தினால்தான் உண்டு. ஆனால் பேனலில் வழக்குக்கு இவ்வளவு என்றுதான் ஃபீஸ். டைப்பிங்குக்கும் ஜெராக்ஸுக்கும் போக மிச்சத்தைப் பார்த்துவிட்டு ஜூனியர்கள் ஓரிரு வருடத்தில் கழன்றுகொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கட்சிக்காரர்தான் பாவம், புதிதாக வரும் வக்கீலிடம் மறுபடி முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். கிரிமினல் பக்கம் 2022 திட்டத்தின்படி முழுநேர வக்கீல்களை மாதச் சம்பளத்தில் போட்டிருக்கிறார்கள். அதைச் சிவிலுக்கும் கொண்டுவர வேண்டும் என்று உங்கள் பத்திரிகை எழுதினால் நான்கு பேர் காதில் விழும்.

இன்னொன்று. சட்ட உதவிக்கு வருமானச் சான்று கட்டாயம் என்று போட்டிருக்கிறீர்கள். 1987 சட்டத்தின் 12-வது பிரிவில் பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள் யாருக்கும் வருமான வரம்பு கிடையாது. தயவுசெய்து திருத்தம் வெளியிடுங்கள். இ-சேவை மையத்தில் பணம் கட்டிவிட்டு, சான்று வரட்டும் என்று வீட்டிலேயே காத்திருந்து வாய்தாவைக் கோட்டைவிட்ட பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பேனல் வக்கீல்
(பெயர், ஊர் வெளியிட வேண்டாம்)