நாளைய பயிற்சிக்கு வரும் ஆசிரியர்கள் கவனத்துக்கு

அனைவருக்கும் வணக்கம். நிலைத்தன்மைக் கல்வி (வளங்களை வருங்காலத்துக்கும் மிச்சம் வைத்து வாழக் கற்றுத்தருவது) அமர்வில் இந்த முறை ஸ்லைடு கிடையாது. போன தடவை பாதிப் பேர் தூங்கிவிட்டோம், நான் உட்பட.

ஐ.நா. 2015-இல் ஏற்ற நிலையான வளர்ச்சி இலக்குகளில், கல்வி பற்றிய 4.7-ஐ மட்டும் படித்து வாருங்கள். நிலையான வளர்ச்சிக்கான அறிவும் திறனும் 2030-க்குள் எல்லா மாணவருக்கும் சேர வேண்டும் என்கிறது. அதற்குத் தனிப் பாடவேளை தேவையில்லை என்பது என் கட்சி.

அப்புறம் ஒரு சின்ன வேலை. சொட்டும் குழாய் ஒன்றின் கீழே அளவுக் குவளையை 10 நிமிடம் வையுங்கள். ஒரு நாளில் 144 பத்து நிமிடங்கள்; அதனால் சேர்ந்த தண்ணீரை 144-ஆல் பெருக்கினால் ஒரு நாள் வீணாவது தெரியும். கணக்கு ஆசிரியருக்குப் பெருக்கல், தமிழாசிரியருக்குக் குழாயைச் சரிசெய்யக் கோரும் கடிதம். எந்தக் குழாயும் சொட்டவில்லையா? சரி, வகுப்புக் குப்பைத்தொட்டியை எடை போடுங்கள். எண்ணை மட்டும் இன்றிரவு இங்கே பதிவிடுங்கள். படம் வேண்டாம், போன் நிரம்பிவிடும்.