நம்ம குஸ்தி சங்கத்தோட இந்த வருஷ ஆண்டறிக்கை

தலைவர் அண்ணன், மாஸ்டர், கமிட்டி ஆளுங்க, பிள்ளைங்களோட வந்திருக்க அம்மா அப்பா எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவ பொருளாளர் தனியா வாசிப்பாரு, நான் அதுல மூக்க நுழைக்கல. ஹால் சின்னதுங்கறதால 9 மீட்டர் போட்டி வட்டத்த முழுசா விரிக்க முடியாம மேட்ட ஓரத்துல மடிச்சே வச்சிருக்கோம், இதுவும் போன வருஷம் சொன்னதுதான், அப்படியே இருக்கு.

இந்த வருஷம் நாம அதிகமா மண்டைய உடைச்சுக்கிட்டது கிரவுண்ட் வொர்க், அதாவது எதிராளிய கீழ போட்டப்புறம் தரையில நடக்குற ஆட்டம் பத்திதான். மாவட்டப் போட்டி வீடியோவ ஹால்ல எல்லாரும் உக்காந்து பாத்தோம். நம்ம பசங்க சூப்பரா கால வாரி கீழ போடுறாங்க, 2 பாயின்ட் வருது, அதோட வேல முடிஞ்சிருச்சுன்னு மேல படுத்துக்குறாங்க. எருமை மேல காக்கா உக்காந்த மாதிரி. ரெஃப்ரி கொஞ்ச நேரம் பாக்குறாரு, ஒண்ணும் நடக்கல, விசில் ஊதி எழுப்பி விட்டுர்றாரு. ஃப்ரீஸ்டைல்ல மேல உக்காந்திருக்கறதுக்கு பாயின்டே கிடையாது, திருப்புனாதான் பாயின்ட்.

இது பசங்க தப்பு மட்டும் இல்லங்க. நம்ம பெரியவங்க மண் கோதால கத்துக்கிட்டவங்க, அங்க மல்லாக்கப் போட்டா ஜெயிச்சாச்சு, நடுவுல யாரும் பாயின்ட் எண்ண மாட்டாங்க. மேட்ல கணக்கு வேற. எதிராளி தோள் தரையத் தொட வேணாம், முதுகு 90 டிகிரி தாண்டி மேட்டப் பாத்து சாஞ்சாலே 2. அப்போ கீழ போட்டதுக்கு 2, விடாம நாலு உருட்டு உருட்டுனா 8, மொத்தம் 10, பத்து பாயின்ட் முன்னால போயிட்டா ஆட்டம் அங்கயே க்ளோஸ். 6 நிமிஷம் மூச்சு வாங்க வேண்டியத அரை நிமிஷத்துல முடிக்கலாம்.

அதனால மாஸ்டர் வாரத்துல ரெண்டு நாள் கீழ இருந்தே ஆரம்பிக்கற பிராக்டிஸ் வச்சாரு. இடுப்பக் கட்டி உருட்டுற கட் ரெஞ்ச்ல நம்மாளுங்க எல்லாரும் செஞ்ச தப்பு ஒண்ணுதான், கை பலத்துல தூக்கப் பாக்குறாங்க. அதுல தோள்தான் போகும். நெஞ்ச அவன் முதுகோட ஒட்டி, உள்ளங்கையோட உள்ளங்கை பூட்டி இறுக்கி, முட்டிய அவன் இடுப்புக்கு அடியில நுழைச்சு மேட்ட விட்டு லேசா கெளப்பிட்டு அப்புறம் பாலம் போட்டு, அதாவது முதுக வில்லு மாதிரி வளைச்சு, அவன நம்ம மேல கடத்தணும். பயந்து பாதில நின்னா மேட்ல இருக்கறது நம்ம முதுகு, பாயின்ட் அவனுக்கு.

கால் பின்னல் இன்னும் ஜோர். ரெண்டு கணுக்காலையும் குறுக்கப் போட்டு கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஈரத்துணி பிழியற மாதிரி உருளணும். வடக்க ஃபிதேலேம்பாங்க. 2012 லண்டன் ஒலிம்பிக்ல நம்ம யோகேஷ்வர் தத் வீங்கிப்போன கண்ணோட கடைசி ரவுண்ட்ல வட கொரியாக்காரர இப்படித்தான் உருட்டி வெண்கலம் எடுத்தாரு. அதே பிடி நமக்கு எதிராவும் திரும்புச்சு, டோக்கியோ ஒலிம்பிக் செமிஃபைனல்ல கஜகஸ்தான் சனயேவ் ரவி தஹியாவ அடுத்தடுத்து உருட்டி 9-2ன்னு கொண்டு போயிட்டாரு. ரவி கடைசில தோள் ரெண்டையும் தரையில அமுக்கி ஜெயிச்சாரு, ஃபால் ஆயிட்டா போர்டுல எத்தனை இருந்தா என்ன. ஆனா அத நம்பி நம்ம பசங்க 9 பாயின்ட் விட்டுக் குடுக்க வேணாம்! உருட்டுறாங்கன்னு தெரிஞ்ச உடனே இடுப்ப மேட்ல ஒட்ட வச்சு கால அகட்டணும், கணுக்கால் ரெண்டும் சேர விடவே கூடாது. கால் பின்னிட்டாங்கன்னா அப்புறம் சாமி கும்பிட வேண்டியதுதான்.

சின்னப் பசங்களுக்கு ஹாஃப் நெல்சன் மட்டும்தான், அக்குள் வழியா கைய விட்டு பிடரியப் பிடிச்சு நெஞ்சால தள்ளித் திருப்புறது. பொண்ணுங்க பிரிவுல ரெண்டு கையாலயும் பிடரியப் பூட்டுற ஃபுல் நெல்சன் ரூல்படியே கூடாது, பிராக்டிஸ்ல விளையாட்டுக்குப் போட்ட ரெண்டு அண்ணனுங்க பேர நான் இங்க சொல்லல, அவங்களுக்கே தெரியும்.

பலன் என்னன்னா, ஜூனியர் பசங்க இப்போ கீழ போட்ட கையோட பிடிய இறக்கி உருட்டப் பாக்குறாங்க. சீனியர்ஸ் இன்னும் படுத்துத்தான் இருக்காங்க, பழக்கம் போகல.

கெட்டது ஒண்ணு, படர்தாமரை. கிரவுண்ட் வொர்க் கூடுனா உடம்பு உடம்போட ஒரசுது, ஒருத்தனுக்கு வந்து அரை ஹாலுக்கும் பரவி பதினஞ்சு நாள் மேட்ட சுருட்டி வைக்க வேண்டியதாப் போச்சு. இனிமே பிராக்டிஸ் முடிஞ்சதும் மேட்ட கிருமிநாசினி போட்டுத் துடைக்கறது முறை வச்சு எல்லாரும், நகம் வெட்டாம வந்தா மேட்ல ஏற முடியாது, வட்டமா சிவந்து அரிச்சா மறைக்காம மாஸ்டர்கிட்ட காட்டணும், வெக்கப்பட ஒண்ணும் இல்ல, எனக்கே வந்துச்சு.

அடுத்த வருஷத்துக்கு கமிட்டி கேக்கறது ரெண்டுதான், புது மேட் உறை, அப்புறம் தூக்கிப் போட்டுப் பழக ஆள் எடை பொம்மை. அத தீர்மானமா வைக்கிறேன், கை தூக்குறவங்க தூக்குங்க.